பொக்கற்றில் கல் இல்லாத பதிவாளர்

போன கிழமை சோஃபி தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். எங்கள் கூட்டுறவின் புதிய பதிவாளர் அவர். எனக்குப் பிறகு அந்தக் கதிரைக்குக் கை உயர்த்தித் தெரிவு செய்யப்பட்டவர். "இத்தனை வருஷம் மற்றவர்களுடைய காணியை எல்லாம் எழுதினீர்கள். உங்கள் பேரில் ஒரு முழம்கூட இல்லையே. இடையில் ஒரு வருஷம் விலகி ஒரு துண்டு எடுத்திருக்கலாம்தானே?" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். உண்மையான பதில் ஒரே வரிதான்: என் மச்சான் விடவில்லை. ஆனால் அந்த வரியை மட்டும் சொன்னால் மச்சானைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவார். ஆகவே எழுதுகிறேன்.

மொன்றியலில் தங்கச் சுரங்கம் எங்கே இருக்கிறது என்று ஊர்ச்சனம் என்னைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மொன்றியலில் சுரங்கம் இல்லை, ஐயா. சுரங்கம் தேடுகிறவர்கள் இருந்தார்கள். பனிக்காலத்தில் டாக்ஸி ஓட்டுவார்கள், தண்ணீர்க் குழாய் திருத்துவார்கள், உணவகத்தில் கோப்பை கழுவுவார்கள். கோடை வந்ததும் சுத்தியலும் கோடரியுமாக வடக்கே காட்டுக்குள் போய்விடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து நடத்தியதுதான் எங்கள் கூட்டுறவு. வடக்கே ஒரு பெரிய காட்டுப் பகுதிக்கு அரசாங்க அனுமதி கூட்டுறவின் பேரில் இருந்தது. அதற்குள் எந்தத் துண்டு எவருடையது என்பது அரசாங்கத்துக்குத் தேவையில்லாத கதை. அது எங்கள் கதை. அதை எழுதுவதற்கு எங்களுக்குள்ளேயே ஒருவரை வருஷத்துக்கு ஒருமுறை தெரிவு செய்வோம்.

இது நாங்கள் கண்டுபிடித்த முறையல்ல. அரசாங்கக் கந்தோர் எட்டாத எல்லைப்புறங்களில் பொன் தேடிப் போன அந்தக் கால மனிதர்கள், அடிபட்டுச் சாகாமல் இருப்பதற்காகத் தங்களில் ஒருவனைப் பிடித்து, "நீ எழுது, நீ எழுதினதுதான் செல்லும்" என்று உட்கார வைத்தார்களாம். எழுதுகிறவனுக்குச் சம்பளத்தைவிட ஒரு கட்டுப்பாடுதான் பெரிது. புத்தகம் கையில் இருக்கும்வரை அவனுக்குக் காணி கிடையாது. எங்கள் கூட்டுறவிலும் அதுவே சட்டம். தெரிவானவர் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, காற்சட்டைப் பொக்கற் இரண்டையும் வெளியே இழுத்துவிட்டு, "என்னிடம் கல் இல்லை" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். முதல்முறை அப்படி நின்றபோது என் பொக்கற்றிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டும் பாதி தின்ற தோடம்பழ இனிப்பும் விழுந்தன. அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

என் பழைய தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவனாக இருந்தேன். மொன்றியலுக்கு வந்து, எல்லோரையும் போலப் பல வேலை செய்து, ஒன்றிலும் நிலைக்காமல் திரிந்த என்னைக் கூட்டுறவுக்குக் கூட்டிப்போனவர் அன்ரன். என் மனைவி ரெஜினாவின் மூத்த அண்ணன், மன்னார்க்காரர். பல வருஷம் வடக்கே சுரங்க முகாம்களில் சமையல்காரராக இருந்தவர். சாப்பிட வந்தவர்களின் வாயைப் பார்த்தே கல்லைப் பற்றிப் படித்துக்கொண்டவர். மொன்றியலின் மேற்கே ரொக்ஸ்பரோவில் வீடு. "மச்சான், உனக்குக் கையெழுத்து வடிவு. அங்கை ஒரு மனுசிக்கு உதவியாள் தேவையாம், வா," என்று ஒருநாள் காரில் ஏற்றினார். அவ்வளவுதான் என் நேர்முகத் தேர்வு.

அந்த மனுசி மதாம் கொலெட், அப்போதைய பதிவாளர். அறுபது தாண்டியவர். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மசாலைக் கடைக்கு மேல்மாடி அறையில் எங்கள் கந்தோர். கீழே வறுக்கிற கொத்தமல்லி மணத்தில் மதாமுக்குத் தும்மல் வரும். தும்மி முடித்ததும், "இண்டைக்கு என்ன வறுக்கினம்?" என்று என்னைக் கேட்பார். அவர் பேசியது பிரெஞ்சுதான். ஆனால் என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

மதாமின் வேலைமுறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. காட்டில் ஒருவர் ஒரு துண்டைப் பிடித்தால் நாலு மூலைக்கும் கட்டை நடவேண்டும். ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குப் போகிற வழியெல்லாம் மரங்களில் கோடரியால் பட்டையைச் சீவி அடையாளம் வைக்கவேண்டும். பிறகு ஒரு சாட்சியோடும் அந்த மண்ணில் எடுத்த ஒரு கல்லோடும் மொன்றியலுக்கு வந்து பதிய வேண்டும். வந்தவர் கதைக்கத் தொடங்கியதும் மதாம் பேனையின் மூடியை இறுக்கிப் பூட்டுவார்! எனக்கு முதல்நாள் விளங்கவில்லை. எழுதுகிறவர் மூடியைத் திறக்க வேண்டாமோ? அவர் திறக்க மாட்டார். வந்தவருக்கு ஒரு பெப்பர்மின்ற் கொடுப்பார். "இப்ப அந்தக் காணியைச் சுத்தி என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்பார்.

வந்தவர் வாயால் நடப்பார். மதாம் கண்ணை மூடிக்கொண்டு கூடவே நடப்பார். "இரண்டாம் கட்டையடியிலை நிக்கேக்கை காத்து எந்தப் பக்கத்தாலை அடிச்சது? கால் நனைஞ்சதோ? திரும்பேக்கை வெயில் முகத்திலையோ முதுகிலையோ?" உண்மையாய் நடந்தவன் யோசிக்காமல் சொல்வான். கூடாரத்திலிருந்தபடி வரைபடத்தில் கோடு கீறியவன் விழிப்பான். விழித்தவனை மதாம் ஏசியதே இல்லை. "சரி, போயிட்டு வாங்கோ. புத்தகம் இஞ்சைதான் இருக்கும்," என்று இன்னொரு பெப்பர்மின்ற் கொடுத்து அனுப்புவார். அவன் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டு முடிந்த பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரிப்பார். ஒழுங்காகச் சொன்னவனுக்கு மூடி திறக்கும். எழுதி, அவனுக்கே திருப்பி வாசித்துக் காட்டுவார். அதோடும் முடியாது. அடுத்த மாதக் கூட்டத்தில் சபைக்கு முன்னால் உரக்க வாசிப்பார். ஆட்சேபம் உள்ளவர் அங்கேயே எழும்பலாம். எவரும் எழும்பாவிட்டால் "எழுதியாச்சு" என்று முத்திரை குத்துவார்.

மதாம் வேலையை விட்டு மகள் வீட்டுக்குக் குடிபோன வருஷம் சபை என்னைத் தெரிவு செய்தது. முன்மொழிந்தது அன்ரன்தான். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. ஒரு தமிழன் பேரைச் சொல்லி அந்த மண்டபத்தில் அத்தனை கைகள் உயர்ந்ததை நான் இரண்டுதரம் எண்ணிப் பார்த்தேன். ரெஜினா அன்றைக்குக் கோழிக்கறி வைத்தாள். அன்ரன் எலும்பு கடித்தபடி, "இனி இவருக்குக் காணி இல்லை. எனக்குத்தான்," என்று கண்ணடித்தார். பகிடிதான். ஆனால் அவருக்குக் காணி என்பது பகிடியில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மன்னாரில் அவர்களுடைய தகப்பன் காணிக்குள் ஆமி முகாம் இருந்தது. ரொக்ஸ்பரோ வீடு வங்கியுடையது. "இந்த உலகத்திலை என்ர பேர் எழுதின ஒரு மூலைக்கட்டை வேணும், மச்சான். பொன் வராட்டிலும் பரவாயில்லை," என்பார். ஒவ்வொரு கோடையும் போய், கையில் ஒன்றும் இல்லாமல் நுளம்புக்கடியோடு திரும்பி வருவார்.

பிறகு ஒரு ஜூன் மாதம் வெற்றியோடு வந்தார். பெயரில்லாத ஒரு சிற்றேரி. மூக்கு நீண்ட உருவத்துக்காக அவர் வைத்த பேர் கெண்டி ஏரி. அதன் கரையில் வெள்ளைக் கல்லுக்குள் மஞ்சளாய் ஏதோ மினுங்கியிருக்கிறது. நாலு மூலைக்கும் கட்டை நட்டுவிட்டார். நான் மதாம் கற்பித்தபடி பேனையை மூடிவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டு அவரோடு நடந்தேன். காற்று, சேறு, வெயில் எல்லாம் கனகச்சிதம். மூடியைத் திறந்து எழுதினேன். அவர் பேரை நான் அவருக்கே திருப்பி வாசித்தபோது அந்தப் பெரிய மனிசன் கைலேஞ்சியை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் வாசித்தேன். பின்வரிசையில் ஒரு பெண் எழும்பினார். லூசி. எங்கள் பழைய அங்கத்தவர் ரெயாலின் மனைவி. "அந்தத் துண்டு என்ர மனிசன் மார்ச் மாதம் பனிக்குள்ளை போய்ப் பிடிச்சது," என்றார். ரெயால் திரும்பி வந்த கிழமையே பாரிசவாதம் வந்து படுத்துவிட்டார். வாய் பேச வராது, ஆகவே பதியவும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் வீட்டில் சொன்னது மட்டும் லூசிக்கு நினைவு: கெட்டில் மாதிரி மூக்கு நீண்ட ஏரி. ரெயால் கொண்டுவந்த கல் குசினி யன்னலில் இருக்கிறதாம்.

எங்கள் சட்டத்தில் ஒரு வரி உண்டு: நோயாளிக்காகப் புத்தகம் காத்திருக்கும். ரெயால் உண்மையாகவே முதலில் கட்டை நட்டிருந்தால் காணி அவருடையது. நடாவிட்டால் அன்ரனுடையது. எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவாளர் போய்த் தன் கண்ணால் பார்த்துச் சபையில் சொல்ல வேண்டும். அவர் சொன்னதுதான் முடிவு.

ஓகஸ்டில் ஒரு மிதவை விமானத்தில் போனோம். நான், அன்ரன், லூசி, விமானி. கெண்டி ஏரியில் இறங்கியதும் லூசி முழங்கால் வலியால் கரையிலேயே விமானியோடு இருந்துவிட்டார். நானும் அன்ரனும் மட்டும் காட்டுக்குள் நடந்தோம். அவர் கட்டைகள் நாலும் புத்தம் புதிதாக, நேராக, அழகாக நின்றன. சீவல் அடையாளங்கள் நெஞ்சு உயரத்தில் ஒழுங்காக இருந்தன. வேறு ஒரு கட்டையோ வெட்டோ கண்ணில் படவில்லை. சுற்றி முடித்து அவர் தங்கியிருந்த இடத்தில் இருந்து பாண் சாப்பிட்டோம். எனக்கு மனதுக்குள் சந்தோசம். பொய் சொல்வானேன், துள்ளிக் குதிக்கிற சந்தோசம். லூசியிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்லலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

தண்ணீர்ப் போத்தலை அண்ணாந்து வாய்க்குள் ஊற்றினேன். அப்போதுதான் பார்த்தேன். எதிரேயிருந்த ஸ்புரூஸ் மரத்தில், நான் கை நீட்டினாலும் எட்டாத உயரத்தில், பட்டை சீவியிருந்தது. பிசின் வடிந்து மஞ்சளாய்க் காய்ந்திருந்தது. அதற்கு அடுத்த மரத்திலும் அதே உயரம். அதற்கு அடுத்ததிலும். வரிசையாகக் காட்டுக்குள்ளே போனது.

"மச்சான், மேலை பாரும்," என்றேன்.

அவர் பார்த்தார். கன நேரம் பார்த்தார். "அது மூஸ் மான் கொம்பாலை உரசினது," என்றார்.

"மூஸ் கோடரி கொண்டு வாறதோ?"

மார்ச் மாதத்தில் அங்கே பனி ஆள் நெஞ்சளவு கிடக்கும். அந்தப் பனிக்கு மேலே, கால் புதையாத பனிச்சப்பாத்தோடு நின்று நெஞ்சு உயரத்தில் சீவினால், பனி உருகிய பிறகு அந்த அடையாளம் வானத்தில் நிற்கும். மூலைக்கட்டையும் அப்படித்தான். பனிக்கு மேலே தெரிந்த மரத்தை வெட்டி, மேல்முனையை நாலு பக்கமும் சதுரமாகச் சீவிவிடுவார்கள். கோடையில் அது தலைக்கு மேலே முனை சீவிய மொட்டை மரமாக நிற்கும். அன்ரன் பனிக்காலம் முழுவதும் முகாம் அடுப்படியில் நின்றவர். காட்டுக்குள் நடந்ததெல்லாம் கோடையில். நான் திரும்பி அவருடைய பழைய கூடாரத்துக் கயிறு கட்டியிருந்த மொட்டை மரத்தைப் பார்த்தேன். மேலே சதுரம். என் மச்சான் ரெயாலின் மூலைக்கட்டையில் கயிறு கட்டி, அதன் அடியிலேயே படுத்து எழும்பியிருக்கிறார்!

"நான் என்னத்துக்கு மேலை பாக்கிறன்?" என்று அவர் அந்த மொட்டை மரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கல் கீழைதானே கிடக்குது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "மச்சான், அந்த மனுசன் இனிக் காட்டுக்கு வரப்போறேல்லை. லூசி மேலை ஏறி வரேல்லை. நீயும் நானும்தானே பாத்தனாங்கள்." நான் தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டு எழும்பினேன். அவர் திரும்பவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கரைக்கு வந்ததும் லூசி எங்கள் முகங்களைப் பார்த்தார். சபையில் சொல்வதற்கு முன் எவரிடமும் சொல்லக்கூடாது என்பது முறை. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் ரெஜினாவுக்கு விசயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அண்ணன் தொலைபேசியில் அழுதிருக்கிறார். அவள் கத்திரிக்காய் வெட்டியபடியே கதைத்தாள். வெட்டிய துண்டுகள் எல்லாம் கோணல். "உங்களுக்கு அந்தப் புத்தகம் பெரிசு. எனக்கு என்ர அண்ணை பெரிசு. ஒரு கட்டைதானேயப்பா கேட்டவர், அரண்மனையோ கேட்டவர்?"

"அப்ப நான் என்ன செய்யிறது, சொல்லும்."

கத்தியைக் கீழே வைத்தாள். "அது எனக்குத் தெரியாது. ஆனா பொய் எழுதிப்போட்டு மட்டும் இந்த வீட்டுக்கு வராதேங்கோ," என்றாள். பிறகு என்னோடு கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். இப்படிப்பட்ட மனுசியோடு எப்படி வாழ்க்கை நடத்துவது? நடத்தினேன், சந்தோசமாகத்தான் நடத்தினேன்.

செப்டெம்பர் கூட்டம். மண்டபம் தேவாலயத்தின் நிலக்கீழ் அறை. அன்ரன் முன்வரிசையில் மடிப்புக் குலையாத சேட்டோடு இருந்தார். நான் முதலில் அவருடைய பதிவை முழுவதும் வாசித்தேன். அவர் கட்டைகள் எவ்வளவு நேர்த்தி என்பதையும் சொன்னேன். அது உண்மை, சொல்லத்தான் வேண்டும். பிறகு அண்ணாந்து பார்த்தபோது கண்டதைச் சொன்னேன். சீவல்களின் உயரம், காய்ந்த பிசின், சதுரம் சீவிய மொட்டை மரம். மூஸ் பகிடியைச் சொல்லவில்லை, கயிற்றையும் சொல்லவில்லை. அவை காணிக்குத் தேவையில்லாதவை. பழைய ஆட்கள் தலையாட்டினார்கள். லூசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆட்சேபம் உண்டோ?" என்று மூன்றுதரம் கேட்டேன். ஒவ்வொருதரமும் அன்ரனைப் பார்த்துத்தான் கேட்டேன். அவர் எழும்பி, கதிரையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனார். "எழுதியாச்சு," என்றேன். முத்திரையைக் குத்தினேன்.

அந்த நத்தாருக்கு அன்ரன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ரெஜினா கேக்கை வெட்டி, பெட்டியில் போட்டு, ரொக்ஸ்பரோவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "என்ன சொன்னவர்?" என்று கேட்டேன். "கேக் நல்லாயிருக்காம்," என்றாள். நான் அந்தப் பனிக்காலம் முழுவதும் ரொக்ஸ்பரோ பக்கம் போகிற பஸ்ஸைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவ்வளவுக்கு என் மனம் அவரைத் தேடியது.

இளவேனில் தெரிவுக் கூட்டம் வந்தது. பதிவாளர் பதவிக்கு முன்மொழியுங்கள் என்று தலைவர் கேட்டார். எவரும் எழும்பவில்லை. வழக்கமாக என்னை முன்மொழிகிறவர் அன்ரன். அவர் என்ன செய்வார் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். எனக்குக் காது சுட்டது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

பின்னால் ஒரு கதிரை கிரீச்சிட்டது. அன்ரன். "என்ர மச்சானை முன்மொழியிறன்," என்று தன் உடைந்த பிரெஞ்சில் சொன்னார். "ஏனெண்டு சொல்லுறன். இவன் சொந்த மச்சானுக்கே ஒரு பொய் எழுதேல்லை. உங்களுக்கு எழுதுவானோ? இரண்டாவது காரணமும் இருக்கு. பதிவாளருக்குக் காணி இல்லை எண்டது சட்டம். எனக்குக் கட்டை இல்லாமச் செய்தவனுக்கு ஒருநாளும் ஒரு கட்டையும் கிடைக்கக் கூடாது. ஆனபடியா இவன் சாகுமட்டும் பதிவாளராய் இருக்கட்டும்!"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. நான் எழும்பிப் பொக்கற் இரண்டையும் வெளியே இழுத்தேன். "என்னிடம் கல் இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. "வடிவாப் பாருங்கோ, இவனிட்டை ஒண்டும் இல்லை," என்று அன்ரன் எனக்காகச் சொன்னார். வெளியே பனிச்சேற்றில் நின்று, "வீட்டை வாறன், கோழி இருக்கோ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இளவேனிலும் இதே கூத்து. தலைவர் வாயைத் திறக்கும் முன்னமே அன்ரன் எழும்பிவிடுவார். "பழிவாங்குறன்," என்பார். சபை சிரிக்கும், கை உயரும், பொக்கற் வெளியே வரும். இடையில் கணினி வந்தது. காணி பிடிக்க வரைபடத்தில் சுட்டியை அழுத்தினால் போதும் என்றது அரசாங்கம். எங்கள் உறுப்பினர்கள் கேட்கவில்லை, காணியை நடந்து பிடிக்கிற முறையையே வைத்துக்கொண்டார்கள். அன்ரனுக்கும் பல கோடைகள் வந்துபோயின. ஒரு துண்டும் வாய்க்கவில்லை. ரெயால் சக்கர நாற்காலியில் கூட்டங்களுக்கு வரத் தொடங்கினார். அன்ரன்தான் அவரைத் தள்ளிக்கொண்டு வருவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இந்த வருஷம் என் முழங்காலும் கண்ணும் போதும் என்றுவிட்டன. விலகுகிறேன் என்று தலைவருக்கு முன்னமே சொல்லியிருந்தேன், அன்ரனுக்குச் சொல்ல மனம் வரவில்லை. கூட்டம் தொடங்கியது. அவர் பழக்கதோசத்தில் எழும்பி, "என்ர மச்சானை..." என்றார். நான் அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். "இந்தமுறை நான் இல்லை." அவர் என்னைப் பார்த்தார். மெதுவாகக் கதிரையில் இருந்தார். சோஃபி தெரிவானார், தன் ஜீன்ஸ் பொக்கற்றுகளை இழுத்துக் காட்டினார், நாங்கள் கைதட்டினோம். திரும்பிப் பார்த்தால் அன்ரனின் கதிரை வெறுமையாக இருந்தது. அவர் எழும்பிப் போன அந்தச் செப்டெம்பர்க் கூட்டத்தின் பழைய பயம் எனக்கு ஒரு நிமிஷம் வந்துபோனது.

வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றபோது அவர் காரடியிலிருந்து வந்தார். வந்து, என் கோட்டுப் பொக்கற்றுக்குள் எதையோ போட்டார். பாரம் பொக்கற்றைக் கீழே இழுத்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு பிடி அளவு வெள்ளைக் கல். நடுவே மெல்லிய மஞ்சள் கோடு.

"இது எங்கை எடுத்தது?"

"கெண்டி ஏரிக்கு மேற்காலை. போன புரட்டாதியிலை. நீ விலகினா உனக்கெண்டு காரிலை வைச்சிருந்தனான்," என்றார். "வாற கோடைக்கு ரண்டு பேருமாய்ப் போவம். கட்டை உன்ர பேரிலை. நான் சாட்சி."

"ஆரும் ஏற்கெனவே பிடிச்சிருந்தா?"

"இல்லையடா," என்றார். "ஒவ்வொரு மரமாய் மேலையும் பாத்திட்டன்."